குருவியண்ணன் ஜெபிக்காத நாட்கள்

என் வீட்டுக்காரரை வெளியே எல்லோரும் குருவியண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். குருவி வளர்க்கிறார் என்று நினைத்துவிட வேண்டாம், விரட்டுகிறார். கிடங்கு, ஆலை, ரயில் நிலையக் கூரை என்று எங்கெல்லாம் பறவை எச்சம் விழுந்து ஆட்கள் முகம் சுளிக்கிறார்களோ, அங்கெல்லாம் கம்பெனி இவரை ஏணியோடு அனுப்பும். வலை கட்டுவார், சுவர் விளிம்புகளில் கம்பி முள் பதிப்பார், கூடுகளைப் பிரித்தெடுப்பார். கல்யாணமான புதிதில் இவர் சட்டைப்பையிலிருந்து ஒரு இறகு விழுந்ததைப் பார்த்து, என்னென்னவோ கற்பனை செய்து சண்டை போட்டிருக்கிறேன்.

அந்த வேலையிலும் இவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கூட்டில் முட்டையோ குஞ்சோ இருந்தால் தொடமாட்டார். கூட்டுக்குக் கீழே அடையாளத்துக்கு ஒரு சிவப்பு நாடாவைக் கட்டிவிட்டு இறங்கிவிடுவார். குஞ்சுகள் பறந்த பிறகுதான் மறுபடியும் ஏணி. மேலாளர் கத்துவார். இவர் கல்லுளிமங்கன் மாதிரி நிற்பார்.

"சார், பிதாவுக்குத் தெரியாம ஒரு குருவி கூட தரையில விழாதுன்னு இயேசு சொல்லியிருக்காரு. நான் தள்ளிவிட்டா அவர் பார்த்துக்கிட்டுல்ல இருப்பாரு?"

மேலாளருக்கு எந்தச் சாமியும் கிடையாது. தலையில் அடித்துக்கொண்டு போய்விடுவார்.

எனக்கும் எரிச்சல்தான். வேதத்தில் வருகிற விதை, மரம், ஆடு, பறவை எல்லாவற்றையும் இவர் பக்கத்து வீட்டு ஆட்களைப் போல எடுத்துக்கொள்வார். காட்டுப் பூக்கள் உழைப்பதில்லை என்று பிரசங்கத்தில் கேட்டுவிட்டு வந்தால், பால்கனித் தொட்டியில் பூத்திருப்பதைப் பார்த்து, "நீ குடுத்து வச்சவ" என்பார். சமையலறையில் நின்று வியர்க்கிற எனக்கு அப்படி ஒரு வார்த்தை கிடைத்ததில்லை. சாப்பாட்டுக்கு முன், வேலைக்கு முன், ஏணியில் கால் வைக்கும் முன் என்று வாய் எப்போதும் முணுமுணுத்துக்கொண்டிருக்கும். "அப்பா, கடவுளைக் கொஞ்சம் மூச்சு விட விடுங்கப்பா" என்று எங்கள் ஒரே மகள் கிண்டல் செய்வாள்.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் போதகர் அந்த வேலையைச் சொன்னார். எங்கள் கோயிலுக்குப் புது வர்ணம் அடிக்க ஏற்பாடாகியிருந்தது. பீடத்துக்கு மேலே இருந்த சுவர் விளக்கின் பின்னால் ஒரு குருவிக்கூடு. வைக்கோலும் நூலும் திருவிருந்து மேசை விரிப்பில் விழுந்துகொண்டே இருந்தன. போதகர் சின்ன வயசுக்காரர், நல்லவர், அவசரக்காரர்.

"காலையில பெயின்டருங்க வந்துடுவாங்கண்ணே. இதை மட்டும் எடுத்துக் குடுத்துடுங்க."

"குஞ்சு இருக்கு ஐயா."

"வேற எங்கயாவது நகர்த்தி வைக்க முடியாதா?"

வேறு இடமாக இருந்தால் நாடாவைக் கட்டிவிட்டு இறங்கியிருப்பார். கோயில் வேலை ஆயிற்றே, சொன்னது போதகர் ஆயிற்றே என்று மசிந்துவிட்டார். ஒரு செருப்புப் பெட்டியில் கூட்டை அலுங்காமல் வைத்து, கட்டடத்தின் பின்பக்க ஜன்னல் விளிம்பில் கொண்டுபோய் வைத்தார். அவ்வளவு தூரம் நகர்த்தினால் தாய்க்குருவி கண்டுபிடித்து வராது என்பது இவருக்குத் தெரியும். தெரிந்துதான் வைத்தார்.

மறுநாள் போய்ப் பார்த்தபோது குஞ்சுகள் விறைத்துக் கிடந்தன. பெட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றவருக்குத்தான் நான் போன் செய்தேன். மகள் வேலை பார்க்கும் அலுவலகத்தில் படிக்கட்டைத் துடைத்துவிட்டிருக்கிறார்கள், ஈரம் காயவில்லை. இரண்டு கையிலும் கோப்புகளோடு இறங்கியவள் வழுக்கி விழுந்துவிட்டாள். தலையில் அடி. நினைவில்லை.

ஆஸ்பத்திரியில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அறுவை சிகிச்சை முடிந்து வெளியே வந்த டாக்டர், "எங்களால முடிஞ்சதைப் பண்ணிட்டோம். இனி அவங்க கண்ணைத் திறக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் இவர் பக்கம் திரும்பினேன்.

"ஜெபம் பண்ணுங்க."

நானாகக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"நான் பண்ணக் கூடாது."

"என்ன பேசுறீங்க?"

"தெரிஞ்சே அதுங்களை விழ வச்சேன். இப்ப என் குஞ்சு விழுந்துடுச்சு. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவர்கிட்ட போய்க் கேட்பேன்?"

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "தண்ணி காயாம விட்டது யாரோ. நீங்க என்னமோ மேல உட்கார்ந்து அவளைத் தள்ளிவிட்ட மாதிரி பேசுறீங்க!" என்று கத்தினேன். நடைபாதையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கத்தினேனே தவிர, உள்ளுக்குள் எனக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. காரணமே இல்லாமல் விழுந்தாள் என்பதைவிட, இவர் செய்ததால்தான் விழுந்தாள் என்பது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. காரணம் என்று ஒன்று இருந்தால் அதைச் சரிசெய்துவிடலாம் அல்லவா? பெற்ற தாய்க்கு இப்படியும் புத்தி போகுமா என்று என் மேலேயே வெறுப்பு வந்தது.

பார்க்க வந்த சபையாரும் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினார்கள். தெரியாமல்தான். ஒவ்வொருவரும் இவர் தோளைத் தொட்டு, "குருவியையே கவனிக்கிறவரு உங்க மகளை விட்டுடுவாரா?" என்றார்கள். ஒவ்வொரு தடவையும் இவர் அடிபட்டவர் மாதிரி சுருங்கினார். எனக்கு வேறு கேள்வி. குருவி விழவே விழாது என்று அந்த வசனம் சொல்லவில்லையே. பிதாவுக்குத் தெரியாமல் விழாது என்றுதானே சொல்கிறது? அப்படியென்றால் ஈரப்படியில் அவள் கால் வைத்தபோது அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு கையை நீட்டியிருக்கலாமே? இதை யாரிடம் கேட்பது?

போதகர் வந்தபோது இவரே அந்த வசனத்தைப் பற்றிக் கேட்டுவிட்டார். பெட்டியில் செத்துக் கிடந்த கதையையும் சொன்னார். போதகர் முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணே, அது ஒரு உவமை. நீங்க குருவியை அப்படியே குருவின்னு எடுத்துக்கக் கூடாது."

"சரிங்கய்யா. குருவி உவமைன்னா, அதைவிட மனுஷங்க ஒசத்தின்னு இயேசு அடுத்து சொல்றாரே, அது மட்டும் எப்படி நிஜமாகும்?"

போதகர் எங்கள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"பீடத்துக்குப் பக்கத்துலயே குருவிக்கு வீடு கிடைச்சுதுன்னு வேதத்துல ஒரு சங்கீதம் இருக்கு. அதை வச்சுப் பிரசங்கமே பண்ணியிருக்கேன். அந்த வீட்டைத்தான் எடுக்கச் சொல்லியிருக்கேன். தண்டனைன்னா எனக்குல்ல வரணும்? என் பொண்ணு வீட்ல விளையாடிக்கிட்டிருக்கா. எனக்கும் புரியலண்ணே."

அவர் ஜெபித்துவிட்டுப் போனார். நான் கண்ணை மூடினேன். இவர் மூடவில்லை.

அதன் பிறகு நானே முயன்றேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் கோயிலில் இருந்திருக்கிறேன். ஆனால் வீட்டில் ஜெபம் என்பது இவர் இலாகா, நான் ஆமென் சொல்கிறவள். தனியாகக் கேட்கும்போது பழக்கமில்லாத வீட்டுக் கதவைத் தட்டுகிற கூச்சமாக இருந்தது. அந்தப் பக்கம் இருப்பவருக்கு இவர் குரல்தான் தெரியும். தெரிந்த குரல் கேட்டால் சீக்கிரம் திறப்பார்களே என்று எனக்கு ஒரே தவிப்பு. கெஞ்சினேன், திட்டினேன். சுவரோடு பேசின மாதிரி இருந்தது.

ஒரு மத்தியானம் மகள் கண்ணைத் திறந்தாள். "ஞாபகமெல்லாம் கொஞ்சம் கலைஞ்சிருக்கும். அவசரப்படுத்தாதீங்க" என்று டாக்டர் எச்சரித்தார். என்னைப் பார்த்ததும் "அம்மா" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு என் உயிர் திரும்பி வந்தது. "உள்ளே வாங்க" என்று இவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

இவர் கட்டில் அருகே வரவில்லை. கால்மாட்டிலேயே கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி நின்றார். அந்த வார்டுக்கு மத்தியான நேரங்களில் நோயாளிகளுக்காக ஜெபிக்க யார் யாரோ வருவார்கள். கட்டில் கட்டிலாக இப்படித்தான் நிற்பார்கள். மகள் இவரையே பார்த்தாள். அவள் கண்ணில் ஒரு அடையாளமும் இல்லை.

"ஐயா, எனக்காக ஜெபம் பண்ண வந்திருக்கீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டாள்.

இவர் என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்ல? உன் அப்பா இவர்தான் என்று அவளிடம் கத்த வேண்டும்போல இருந்தது. டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்து உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"ஆமாம்மா" என்றார் இவர்.

அவள் கண்ணை மூடிக் காத்திருந்தாள். வேறு வழியில்லை. இத்தனை நாள் பூட்டிக் கிடந்த வாய் திறந்தது.

"ஆண்டவரே, இந்தப் பிள்ளை விழுந்தப்ப நீங்க எங்க இருந்தீங்கன்னு எனக்குத் தெரியல. கேட்கவும் எனக்குத் தகுதி இல்ல. இவளோட அப்பன் பண்ணதை இவ மேல வைக்காதீங்க. இவளைத் தூக்கி விடுங்க."

"ஆமென்" என்றாள் மகள். பிறகு என் விரலைப் பிடித்துக்கொண்டு, "அப்பா எங்கம்மா? இன்னும் வேலை முடியலையா?" என்று கேட்டாள்.

இவர்தான் பதில் சொன்னார்.

"வந்துக்கிட்டே இருக்காரும்மா."