கத்திரிச் சத்தத்துக்கு வந்த மாப்பிள்ளை

மூக்கு இழுத்த வழியே போகிற ஒரு பிராணியை நம் அழைப்புக்குத் திரும்பி வரச் செய்ய முடியுமா? முடிந்தாலும், அப்படிச் செய்ய நமக்கு என்ன உரிமை? ஒரு தையல்காரிக்கு ஒரு மாதம் முழுக்க இந்தக் கேள்வியிலேயே கழிந்தது.

நீளக் காது, குட்டைக் கால், எதையும் முகராமல் விடாத மூக்கு. ஒரு வேலையும் செய்யாமல் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, யார் பேச்சும் கேட்காமல் இருந்ததால், லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவர் அந்த நாய்க்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தார்.

ஒருநாள் மாப்பிள்ளை கயிற்றை உருவிக்கொண்டு ஓடி, மூன்றாவது மாடி வீட்டில் ஆறிக்கொண்டிருந்த கறியைச் சட்டியோடு கவிழ்த்தது. குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் நேரில் வந்துவிட்டார்.

"ஒரு மாசம் டைம். எல்லார் முன்னாடியும், கயிறு இல்லாம, கூப்பிட்டா வரணும். வரலேன்னா நாய வேற எங்கயாவது விட்டுடுங்க."

"நான் பெத்த பொண்ணே கூப்பிட்டா வர்றதில்ல சார்," என்றார் கணவர். செயலாளர் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

பதினெட்டு வருடமாக வாசல் அறையில் தைப்பவள் அவள். இழுத்துப் பிடித்துத் தைத்தால் துணி நெளியும் என்று அவள் கைக்குத் தெரியும். முதல் வாரம் நாயை அதட்டவே இல்லை, வேடிக்கை பார்த்தாள். குளிப்பாட்ட 'மாப்பிள்ளே', மருந்து கொடுக்க 'மாப்பிள்ளே', திட்டுவதற்கும் அதே. பெயர் காதில் விழுந்தால் ஏதோ தொல்லை வருகிறது என்று அது கற்றுக்கொண்டிருந்தது.

"இனிமே யாரும் அதைப் பேர் சொல்லிக் கூப்பிடாதீங்க," என்றாள்.

வெறும் கத்திரிக்கோலை ஒருமுறை டக்கென்று மூடுவாள். உடனே ஒரு அவித்த கோழித் துண்டு. துணி வெட்டும்போது வரும் சத்தம் வேறு, இது வேறு. இரண்டே நாளில் நாய்க்கு விளங்கிவிட்டது. வீட்டுக்குள் எந்த மூலையிலிருந்தும் ஓடி வந்தது.

தெருவில்தான் கதை கந்தலானது. குப்பைத் தொட்டிக்கடியில் மூக்கை நுழைத்த நாய்க்கு எத்தனை டக் அடித்தும் காது கேட்கவில்லை. அவள் கை வலித்ததுதான் மிச்சம். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தாள்: மூக்கு தரையில் இருக்கும்வரை காது அடைத்துக்கொள்கிறது. வாசனை அறுந்துபோகிற இடத்தில் மட்டும் ஒரு மூச்சு நேரம் தலை நிமிர்கிறது. கத்திரிச் சத்தம் ஊசிபோல அங்கேதான் இறங்க வேண்டும். மீதி நாட்கள் அந்த ஒரு மூச்சுக்குக் காத்திருக்கப் பழகினாள். பயிற்சி யாருக்கு என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

கெடு முடிந்த நாள் குடியிருப்பு முற்றத்தில் கூட்டம். கயிற்றை அவிழ்த்ததும் மாப்பிள்ளை மூக்கைத் தரையில் ஒட்டிக்கொண்டு மதில் ஓரமாகப் போய்விட்டது.

"கூப்பிடுங்கம்மா," என்றார் செயலாளர்.

அவள் கத்திரியை விரித்துப் பிடித்தபடி நாயின் தலையையே பார்த்தாள்.

"அது கேட்டைத் தாண்டிடும்டி!" கணவர் கேட்டை நோக்கி ஓடப் பார்த்தார்.

"சும்மா இருங்க."

கேட்டுக்கு நான்கு அடி முன்னால் நாய் தயங்கியது. தலை நிமிர்ந்தது. டக். ஒரே ஒருமுறை. காதுகள் பறக்க, கூட்டத்தின் கால்களுக்கிடையே புகுந்து வந்து அவள் செருப்பின் மேல் உட்கார்ந்தது.

"பேரைச் சொல்லிக் கூப்பிடலையே?" என்று இழுத்தார் செயலாளர்.

"கூப்பிட்டா வரணும்னுதானே சார் சொன்னீங்க?"

"சரி, இன்னொரு தடவை பாப்போம்."

"வந்தாச்சு சார்," என்று கத்திரியைப் பைக்குள் போட்டாள்.

மிகையாகச் சொல்ல எதுவுமில்லை. ஒரு நாய் ஒருமுறை வந்தது. ஆனாலும் அடுத்த ஒரு மாதம், பழுது பார்த்த ஒவ்வொரு லிஃப்ட்டிலும் ஏறியவர்களிடமெல்லாம் கணவர் இதையே சொன்னார். "என் வீட்டுக்காரி ஒரு வார்த்தை பேசல தெரியுமா?" என்று சொல்லும்போது ஸ்பேனர் பிடித்த கையை மார்பில் வைத்துக்கொள்வார். நாய் வந்த அன்று அவள் தைத்த பொத்தான் காஜாக்கள் வழக்கத்தைவிட நேராக இருந்தன.

சோதனைக்கு மறுநாள் காலையில் மாப்பிள்ளையைக் கயிறில்லாமல் கூட்டிப் போகலாம்; சங்கமே ஒப்புக்கொண்டுவிட்டது. அவள் கயிற்றை எடுத்துக் கட்டினாள், தளர்வாக.

"ஜெயிச்சப்புறம் எதுக்குக் கயிறு? கத்திரியை எடுத்துக்கலயா?" என்றார் கணவர்.

கத்திரிக்கோல் மேசை மேலேயே கிடந்தது. வாசலைத் தாண்டியதும் நாய் மூக்கைத் தரையில் வைத்து இடப்பக்கச் சந்தில் திரும்பியது. அவளும் கயிற்றை இழுக்காமல் அதன் பின்னாலேயே போனாள்.