குடிலைச் சுற்ற மறுத்த நீராவி இன்ஜின்

ஒழுங்காக ஓடுகிற ரயிலை யாரும் எங்கள் கடைக்குத் தூக்கிக்கொண்டு வருவதில்லை. ஜாலான் புசார் ரோட்டில், ஒரு இரும்புச் சாமான் கடையின் மேல்மாடியில் மாடல் ரயில் ரிப்பேர் செய்கிறோம். நேர்த் தண்டவாளத்தில் சாதுவாகப் போய், வளைவு வந்ததும் குப்புறக் கவிழ்கிற நீராவி இன்ஜின்கள்தான் எங்களுக்குச் சோறு போடுகின்றன. ஓ லெவல் பரீட்சை எழுதி முடித்த லீவில் அங்கே போன் எடுக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். கஸ்டமர்களோடு மல்லுக்கட்டும் சக ஜீவன்களே, இது உங்களுக்குத்தான்.

இரண்டு காதர்கள்

முதலாளி காதர் அங்கிளுக்குப் போன் என்றாலே ஆகாது. எனக்கோ எந்தக் குரலையும் ஒரு தடவை கேட்டால் போதும், தொண்டைக்குள் குடிவந்துவிடும். எம்ஆர்டி ரயில் அறிவிப்புப் பெண்மணி, எங்கள் கெமிஸ்ட்ரி மிஸ், கீழ்க்கடை சீன அங்கிள் எல்லாரும் உள்ளே வாடகை தராமல் இருக்கிறார்கள். காதர் அங்கிள் மட்டும் எப்படித் தப்புவார்? அவருக்கு எப்போதும் மூக்கடைப்பு, வாய் திறக்குமுன் ஒரு "ம்ஹ்ம்". சுலபமான குரல்.

ஒரு நாள் தோ பாயோவிலிருந்து ஆரோக்கியம் அங்கிள் போன் செய்தார். அவருடைய பங்குக் கோயிலில் கிறிஸ்துமஸ் குடிலைச் சுற்றி வருஷாவருஷம் ரயில் விடுகிறவர். இந்த வருஷம் புது இன்ஜின், பழையதைவிட நீளம். அது வளைவில் விழுந்துகொண்டே இருக்கிறதாம். "கமிட்டியில சிரிக்கிறாங்கம்மா. ரயில் வேணாம், ஆட்டுக்குட்டி போதுங்கிறாங்க" என்றபோது அவர் குரல் உடைந்தது. என் வாய் தானாகக் காதர் ஆனது: "ம்ஹ்ம், கிறிஸ்துமஸ் பூசைக்கு உங்க ரயில் ஓடும். இது என் வாக்கு." போனை வைத்துவிட்டுத் திரும்பினால் கதவருகில் அசல் காதர், கையில் தே தாரிக் டீப் பொட்டலத்தோடு.

"என் வாயால வாக்குக் கொடுத்துட்ட ஷாலு. நீயே காப்பாத்து. ஓடலைன்னா இந்த மாடிப்படி ஏறாதே."

மார்சிலிங் க்ளிக்

எங்கள் தொழிலில் ஒரு பாலபாடம் உண்டு. இன்ஜின் ஒரே இடத்தில் விழுந்தால் தண்டவாளத்தைப் பார். கண்ட கண்ட இடத்தில் விழுந்தால் இன்ஜினைப் பார். அந்த வாரமே மார்சிலிங்கிலிருந்து மணியம் அங்கிள் போனில் அதற்குப் பரீட்சை வைத்தார். வீட்டு ஹால் முழுக்கத் தண்டவாளம் போட்டிருக்கிறார். "சோபா பக்கத்து வளைவுலதான் எப்பவும் விழுது லா!" போனைத் தண்டவாளத்தோரம் வைத்து ஓடவிடச் சொன்னேன். சக் சக் சக் க்ளிக், தடால். க்ளிக் என்பது இரும்பில் இரும்பு இடறும் சத்தம். "ரெண்டு துண்டு சேர்ற இடத்தை விரலால தடவுங்க அங்கிள். படி மாதிரி இருக்கா?" இருந்தது. அழுத்திச் சேர்த்தார்.

"இப்ப ஓட்டிப் பார்க்கிறேன்" என்று அவர் நகர்ந்த நேரத்தில், அந்த சக் சக் சக் க்ளிக், தடாலை நான் அப்படியே வாயாலேயே போனில் ஒலித்துக் காட்டினேன்.

"அய்யய்யோ! நான் இன்னும் சுவிட்சே போடலையே!"

மேசைமேல் நல்ல பிள்ளை

ஆரோக்கியம் அங்கிள் தன் இன்ஜினை, குளிப்பாட்டிய குழந்தை மாதிரி துவாலையில் சுற்றிக் கொண்டுவந்தார். எங்கே விழுகிறது என்று கேட்டோம். "பெரிய வளைவுலதான். ஆனா ஒரு நாள் கிணத்துகிட்ட, மறுநாள் பாலத்துகிட்ட, நேத்து மேய்ப்பன் பொம்மை காலடியில." தினம் ஓர் இடம். அப்படியானால் இன்ஜின்தான் குற்றவாளி, பாலபாடம் முடிந்தது. காதர் அங்கிள் சக்கரங்களின் இடைவெளியை அளந்தார், முன்சக்கரம் தடையில்லாமல் திரும்புகிறதா என்று பார்த்தார், எண்ணெய் விட்டார். எங்கள் சோதனை வளையத்தில் விட்டால், ஸ்கூல் அசெம்பிளிக்குப் போகும் பிள்ளை மாதிரி கோடு பிசகாமல் சுற்றியது.

திருப்பிக் கொடுத்தோம். கோயிலில் விழுந்தது. மறுபடி வந்தது. எங்கள் மேசையில் மறுபடி சமத்தாக ஓடியது. காதர் அங்கிள் என்னைப் பார்த்தார், பிறகு மாடிப்படியைப் பார்த்தார். நான் இன்ஜினை எடுத்து மறுபடி துவாலையில் சுற்றினேன். ஆரோக்கியம் அங்கிள் தீர்ப்புச் சொன்னார்.

"உங்க முன்னாடி நடிக்குது காதர். என்கிட்ட வந்தா மட்டும் அதுக்குப் போதை ஏறுது."

டொக்

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மாலை காதர் அங்கிளும் நானும் கோயிலுக்கே போய்விட்டோம். கமிட்டிக்காரர் ஒருவர் பஞ்சு ஆட்டுக்குட்டிகளோடு தயாராக நின்றார். இன்ஜினை விட்டார்கள். சக் சக் சக் டொக், தடால். எல்லாரும் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார்கள். நான் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தை வாயில் உருட்டிப் பார்த்தேன். டொக். இது மார்சிலிங் க்ளிக் இல்லையே? இரும்பே இல்லையே?

குடிலில் இருந்ததையெல்லாம் விரல் நகத்தால் தட்டினேன். தகரக் கிணறு டிங் என்றது. மரப்பாலம் டக் என்றது. குழந்தை இயேசுவைப் பார்க்க வரும் மூன்று ராஜாக்களில் ஒருவருடைய சுண்ணாம்பு ஒட்டகம், டொக்! அதன் விலாவில் இன்ஜினின் பச்சைப் பெயின்ட் கோடுகோடாக ஒட்டியிருந்தது. பூவும் கையுமாக நின்ற, குடிலை அலங்கரிக்கும் பிலோமினா ஆன்ட்டி பெருமையோடு விளக்கினார். ராஜாக்கள் தூரதேசத்துக்காரர்களாம், ஜனவரியில்தான் குடிலுக்கு வந்து சேர்வார்களாம். அதனால் தினமும் ஜெபத்துக்கு முன் ஒரு சாண் நகர்த்தி வைப்பாராம், தண்டவாளத்தை ஒட்டியே. பழைய குட்டை இன்ஜின் இடிக்காமல் போய்விட்டது. புதியது நீளம், வளைவில் அதன் மூக்கு வெளியே நீள்கிறது. ஒட்டகம் நகர நகர, விழுகிற இடமும் கூடவே நகர்ந்திருக்கிறது! ஏன் ஆன்ட்டி தண்டவாளத்தோரமாகவே நடத்துகிறீர்கள் என்று கேட்டேன்.

"குடிலுக்குப் போறதுக்கு நீங்க வேற ரோடு எங்கம்மா போட்டு வச்சிருக்கீங்க?"

வாக்கு

ராஜாக்களை இரண்டு விரற்கடை தள்ளி நிறுத்தினோம். பூசைக்கு வந்த பிள்ளைகள் முன்னால் இன்ஜின் அந்த வளைவைச் சுற்றியது, மறுபடியும் சுற்றியது, ஒட்டகத்துக்கு மரியாதையாக வழி விட்டுச் சுற்றியது. ஆரோக்கியம் அங்கிள் கமிட்டிக்காரர் கையிலிருந்த ஆட்டுக்குட்டிகளை வாங்கி, கடைசிப் பெட்டியில் பயணிகளாக ஏற்றிவிட்டார். நான் பெருமையில் அரை அடி உயர்ந்துவிட்டேன். யாரும் கேட்காமலே விசில் சத்தமும் கொடுத்தேன், ஃபாதர் இன்ஜினைத்தான் பாராட்டினார்.

கிறிஸ்துமஸ் லீவு முடிந்து கடை திறந்த நாளில் மாடிப்படி ஏறினேன். போன் அடித்தது. காதர் அங்கிள் ரிப்பேர் மேசைக்குப் பக்கத்தில் இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்.

"ம்ஹ்ம், எடு. என் குரல்லயே பேசு, அதுக்குத்தான் இப்ப மரியாதை."

ஆக, சக ஜீவன்களே, வண்டி கவிழ்ந்தால் நாம் எல்லாரும் சக்கரத்தைத்தான் திட்டுகிறோம், பக்கத்தில் ஒன்றும் தெரியாததுபோல் நிற்கிற ஒட்டகத்தை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.