பத்து நிமிடத் தமிழ்

வாய்மொழிப் பரீட்சை நடத்துபவர் கேள்வி கேட்கலாம்; பதிலுக்குப் பதில் பேசக்கூடாது. சிங்கள அரச ஊழியர்களுக்குத் தமிழ் பேச வருகிறதா என்று பார்ப்பது என் வேலை. சனிக்கிழமைகளில் கண்டியில் ஒரு பாடசாலை வகுப்பறை, ஒரு மேசை, எதிரே ஒரு கதிரை, ஆளுக்குப் பத்து நிமிடம். திருத்தக்கூடாது, தலையாட்டக்கூடாது, பாஸா ஃபெயிலா என்று முகத்தில் காட்டக்கூடாது. அந்த மேசைக்கு எந்தப் பக்கத்தில் உட்கார்ந்து வியர்த்தவராக இருந்தாலும் என் பாடு உங்களுக்குப் புரியும்.

தமிழ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கணவர் இல்லை. மகள் கட்டாரில். வாரத்தில் நான் அதிகம் தமிழ் கேட்பது இந்த மேசையில்தான்.

பாடமாக்கிய குடும்பம்

முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: உங்கள் குடும்பத்தைப் பற்றிச் சொல்லுங்கள். எல்லோரும் பாடமாக்கிக்கொண்டு வருவார்கள். பிரதேச செயலகத்தில் வேலை செய்யும் ஒரு பிள்ளை, "எனது குடும்பத்தில் நால்வர். எனது தந்தையார் ஒரு விவசாயி" என்று மளமளவென்று தொடங்கி, அப்படியே நின்றுவிட்டாள். மறந்துவிட்டதாக்கும் என்று காத்திருந்தேன். அவள் விரலை மடக்கி மடக்கிச் சொற்களைத் தேடினாள்.

"மிஸ், இது முந்தி பாடமாக்கினது. இப்ப மூணு பேர். அப்பா போன மாசம் இல்லாமப் போச்சு. அத எப்படிச் சொல்றதுன்னு புத்தகத்தில இல்ல."

ஓம்

என்னோடு பரீட்சை நடத்துபவர் அக்குறணையைச் சேர்ந்த ஓர் ஆசிரியர். சேர் என்றுதான் கூப்பிடுவேன். ஒரு தாதி வந்தார். யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் நாலு வருடம் இருந்தவராம். பேரைக் கூப்பிட்டதும், ஆமாம் என்பதை யாழ்ப்பாணத்தார் மாதிரியே "ஓம் மிஸ், வாறன்" என்று சொல்லிக்கொண்டே வந்து கதிரையில் உட்கார்ந்தார். தமிழ் என்றால் அப்படி ஒரு தமிழ். சேர் பேனையை வைத்துவிட்டார். நானோ தேயிலைத் தோட்டத்துத் தமிழில் வளர்ந்தவள். இரண்டு பேரும் வாய் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

இங்கே வந்த பிறகு தமிழ் பேச வாய்ப்பு இருக்கிறதா என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலைக் கேட்டு எனக்குச் சுருக்கென்றது. அன்று காலையில் பஸ் கொண்டக்டர் தமிழில் கேட்டதற்கு நான் சிங்களத்தில்தான் பதில் சொல்லியிருந்தேன்.

"அங்க எல்லாரும் என்னோட தமிழில கதைச்சவை மிஸ். இங்க நான் தமிழில கேட்டாலும் சனம் சிங்களத்திலதான் பதில் சொல்லுது."

வீட்டுக்காரர்

பொலிஸ்காரர்களுக்கு ஒரு பயிற்சி உண்டு. நான் முறைப்பாடு சொல்ல வந்த பெண்ணாக நடிப்பேன். அவர்கள் விசாரிக்க வேண்டும். அன்று வந்த கான்ஸ்டபிளுக்கு அது மூன்றாவது தடவை. அடையாள அட்டை தொலைந்துவிட்டது என்று நான் சொன்னதற்கே விடாமல் கேட்டார். எங்கே, எப்போது, கூட யார், வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா? பத்து நிமிடம் போன பிறகும் அவர் எழும்பவில்லை. ஏன் இவ்வளவு கேட்கிறீர்கள் என்றேன்.

மெதுவாகச் சொன்னார். ஒரு தோட்டத்துப் பெண் கை வீங்கிப்போய்ப் பொலிஸுக்கு வந்து, வீட்டுக்காரர் அடித்துவிட்டார் என்றிருக்கிறாள். எங்கள் பக்கம் கணவனை அப்படித்தான் சொல்வோம். கான்ஸ்டபிளோ வீட்டின் சொந்தக்காரர் என்று நினைத்துச் சிங்களத்தில் எழுதிவிட்டார். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. கையெழுத்து மட்டும் வைத்தாள். கோர்ட்டில் அவள் புருஷன்தான் அடித்தான் என்று சாட்சி சொன்னபோது, எதிர்த்தரப்பு லோயர் அந்தத் தாளைத் தூக்கிக் காட்டினார். முதலில் ஒன்று, இப்போது ஒன்று; இவள் பொய்க்காரி என்றார். வழக்கு நிற்கவில்லை. புருஷன் சிரித்துக்கொண்டே படியிறங்கிப் போனான். அவள் கோர்ட்டு வாசலில் இந்தக் கான்ஸ்டபிளை ஒரு பார்வை பார்த்தாளாம். 

"அவங்க பொய் சொல்லல்ல. நான்தான் பிழையா எழுதினேன்" என்றார். தமிழ் சரியா மிஸ் என்றும் கேட்டார். சொல்லக்கூடாதுதான். சரி என்று சொன்னேன்.

"இத அவங்ககிட்டத்தான் சொல்லணும் மிஸ். தேடிப் போனேன். லயத்து வீட்டுல இல்ல. எங்க போனாங்கன்னு யாருக்கும் தெரியல்ல."

இறங்க வேண்டிய இடம்

ஒரு நாள் பஸ்ஸில் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "மிஸ், என்ன போன வருசம் ஃபெயில் ஆக்கினது நீங்கதான்" என்றார். எனக்கு முகம் நினைவில்லை. அவருக்குக் கோபம் ஒன்றும் இல்லை. பாஸாகியிருந்தால் தமிழை அன்றோடு விட்டிருப்பேன் என்று சிரித்தார். எங்கே இறங்குவீர்கள் என்று கேட்டார், கட்டுகஸ்தோட்டை என்றேன்.

பிறகு மகளின் பள்ளிக்கூடம், வீட்டுக் கூரையின் ஒழுக்கு, மனைவியின் சமையல் எல்லாம் தமிழில் சொன்னார். பிழை மேல் பிழை. நானும் இடையில் ஒன்றிரண்டு சொன்னேன். கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டியது எனக்குத் தெரியும். அக்குறணைக் கடைகளைக் கண்டதும் அவர்தான் திடுக்கிட்டு எழும்பினார்.

"மிஸ், உங்க எடம் எப்பவோ போயிருச்சே! நீங்க பாக்கல்லையா?"

எத்தனையோ பேருக்குத் தமிழ் பேசத் தெரியும் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவளுக்கு, அவர்களில் ஒருவரிடமாவது, ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து கொஞ்சம் பேசிவிட்டுப் போங்கள் என்று கேட்க மட்டும் இன்னும் வாய் வரவில்லை.