சாராள் சொன்ன ஜெபக்குறிப்பு

பூவாயியின் விரல்கள் ஐஸில் ஊறி வெளுத்துப்போயிருந்தன. இறால் தலையின் முள் குத்திய இடமெல்லாம் சீழ் கட்டியிருந்தது. அவளுக்குப் பதினொரு வயதுகூட இருக்காது. கல்வராயன் மலைப் பக்கத்திலிருந்து ஆறு பிள்ளைகளை ஒரு ஏஜெண்ட் வேனில் ஏற்றிவந்து, நெம்மேலிக்குத் தெற்கே இருந்த அந்த இறால் உரிக்கும் கொட்டகையில் விட்டுப்போயிருந்தான். படுக்கை, சாப்பாடு எல்லாம் அங்கேயே. வெளிக்கதவில் எப்போதும் பூட்டு தொங்கும்.

சாராள் அங்கே பல வருடமாக உரிக்கிறாள். உரித்த இறால் கப்பலேறி அமெரிக்கா போகும். பாக்கெட்டின் மேல் வெள்ளைத் தட்டும் எலுமிச்சைத் துண்டும் படமாக இருக்கும். ஒருநாள் பூவாயி அந்தப் படத்தைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"இத திங்கிறவங்களுக்கு நம்மளத் தெரியுமாக்கா?"

"தெரியாது கண்ணு."

சொல்லிவிட்டாளே தவிர, அன்று சாராளுக்குச் சோறு இறங்கவில்லை. அவர்களுக்குத் தெரியாது, சரி. எனக்குத் தெரியுமே, நான் என்ன செய்தேன் என்று மனசு குடைந்தது.

எந்தக் கஷ்டம் வந்தாலும் அதை முதலில் சபையில் ஜெபக்குறிப்பாகச் சொல்வதுதான் அவள் வழக்கம். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் மைக்கை வாங்கினாள். கீபோர்டு முன்னால் உட்கார்ந்திருந்த சாம்தான் அந்தக் கொட்டகைக்கும் சூப்பர்வைசர். அது தெரிந்தேதான் பேசினாள். ஆண்டவரின் பிள்ளைதானே, கேட்டால் மனசு கரைவான் என்று நம்பினாள்.

"எங்க கொட்டாய்ல ஆறு புள்ளைங்க கீதுங்க பாஸ்டர். பள்ளிக்கூடம் போற வயசு. ஆண்டவர் அதுங்கள வெளிய கொண்டாரணும். திங்கக்கெழம செங்கல்பட்டு போயி கலெக்டர் ஆபீஸ்ல சொல்லப் போறேன். தைரியத்துக்கு ஜெபிங்க."

சபை முழங்காலில் நின்று அழுதது. எல்லாரையும்விட உரக்க ஆமென் சொன்னவன் சாம்.

மறுநாள் காலையில் கொட்டகையில் ஒரு பிள்ளையும் இல்லை. தரை கழுவியிருந்தது. பிளீச்சிங் பவுடர் நாற்றம் மூக்கில் ஏறியது.

"இன்னா சாராளு, ஆண்டவர் ஒன் ஜெபத்தக் கேட்டாரா?" என்று சாம் சிரித்தான். "வெளிய கொண்டாரச் சொன்ன. கொண்டு போயிட்டாரு பாத்தியா?"

"எங்கடா அனுப்சே அதுங்கள?"

"அடா புடாவெல்லாம் வூட்ல வச்சுக்கோ. இஷ்டமிருந்தா உரி, இல்லன்னா கெளம்பு."

அதற்குப் பிறகுதான் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குப் போன் செய்தாள். அதிகாரிகள் வந்தார்கள், காலிக் கொட்டகையைப் பார்த்தார்கள், போனார்கள். பக்கத்துத் தொட்டியில் உரிக்கும் செங்கம்மாள், "கொட்டாய மூடிட்டா நீயா எங்களுக்கு சோறு போடுவ?" என்று முகத்துக்கு நேரே கேட்டாள். பொறுமையாகக் காத்திருக்கச் சொன்னார் பாஸ்டர்.

சாராளால் காத்திருக்க முடியவில்லை. ஜெபிக்கவும் முடியவில்லை. கண்ணை மூடினால் சாமின் ஆமென்தான் கேட்டது. பூவாயியைத் தன் வாயாலேயே தொலைத்துவிட்டோம் என்ற நினைப்பு அவளைத் தின்றது.

வேலையை விட்டாள். கடற்கரைச் சாலையில் பஸ் ஏறி, கொட்டகை கொட்டகையாகப் போய்க் கூலிக்கு ஆள் வேண்டுமா என்று கேட்டாள். ஓரிடத்தில் ஒருநாள் உரிப்பாள், உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பாள், மறுநாள் அடுத்த இடம். மாமல்லபுரம் தாண்டி, கல்பாக்கம் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தாள்.

"ஒலகத்துல கீற புள்ளைங்கல்லாம் உன் புள்ளைங்களா?" என்று புருஷன் தாவீது கத்தினான்.

"அதுல ஒண்ணத் தொலைச்சது நானு," என்றாள்.

கடப்பாக்கம் பக்கம் ஒரு கொட்டகையில், ஐஸ் தொட்டியைச் சுற்றி நான்கு பிள்ளைகள் குந்தியிருந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பூவாயி இல்லை. கக்கூசுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு மறுபடி 1098க்குப் போன் செய்தாள். இந்த முறை வேறு யாரிடமும் சொல்லவில்லை.

"நீங்க யாரும்மா?"

"சாராள். உள்ளாரதான் கீறேன். சீக்கிரம் வாங்க, புள்ளைங்கள ஏத்த வேன் வெளியவே நிக்குது."

திரும்பி வந்து, தன் இறால் கூடையை வாசல்படிக்கு இழுத்துப் போட்டு, வழியை மறித்து உட்கார்ந்தாள். பிள்ளைகளைக் கொண்டுபோக வேண்டுமென்றால் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"யம்மா, வழிய வுடு," என்றான் டிரைவர்.

"கால் மரத்துப் போச்சு அண்ணாத்த. இதோ எழுந்துக்கிறேன்."

எழுந்துகொள்ளவில்லை. சாலையில் இன்னும் எந்த வண்டியும் வரவில்லை. அடுத்த இறாலை எடுத்தாள்.