ஒரு அடி கூடிய குளம்

எதிர்மேசைக்காரி ஜப்பானுக்குப் போகிறாள் என்று தெரிந்த அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை. மத்திய அரசின் சுற்றுச்சூழல் நிறுவனம் ஒன்றுக்காகச் சங்கரன்கோவில் வட்டாரக் குளங்களை அளப்பதுதான் எங்கள் இருவருக்கும் வேலை. ஜப்பான்காரர்களோடு சேர்ந்து, வறளும் குளங்களை மீட்கும் திட்டம் ஒன்று வந்தது. எந்தெந்தக் குளம் என்று அங்கே உட்கார்ந்து முடிவு செய்வார்களாம். எங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவர் போகலாம். பனவடலிசத்திரம் பக்கத்துக் குளத்தில் பதினாறு வருடமாக வாராவாரம் முழங்கால் சேற்றில் இறங்கி அளவெடுத்தவள் நான். அதில் தண்ணீர் வற்றிக்கொண்டே போய், என் அண்ணன் வயல் இரண்டு போகமாகத் தரிசு. அவள் வந்து நாலு வருடம். செருப்பில் சேறு ஒட்டியதில்லை. ஆனால் இங்கிலீஷ் பேசுவாள். போதாதா?

பொறாமைதான். வேறு பேர் வைத்து என்ன ஆகப்போகிறது? புதுப் பெட்டியைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தாள், வயிறு எரிந்தது. ஸ்வெட்டர் எடுக்க என்னையே துணைக்குக் கூப்பிட்டாள். தலைவலி என்றேன்.

என் அளவுப் பதிவேட்டை அவளிடம் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் கரைவேலை நடந்தபோது ஜேசிபி இடித்து, மடையோரம் நின்ற, தண்ணீர் மட்டம் காட்டும் அளவுக்கம்பம் சாய்ந்தது. திரும்ப நட்டவர்கள் முன்பைவிட ஒரு அடி ஆழமாக நட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து தண்ணீர் இருப்பதைவிட ஒரு அடி கூடுதலாகவே கம்பம் காட்டும். காட்டுவதை அப்படியே எழுத வேண்டும் என்பது விதி, எழுதினேன். ஓரத்தில் ஒரு குறிப்பும் எழுதியிருக்க வேண்டும். நாளைக்கு, நாளைக்கு என்று விட்டுவிட்டேன்.

அவள் ஜப்பான் போன மூன்றாம் நாள் அங்கிருந்து போன் செய்தாள்.

"அக்கா, நம்ம குளத்துல ரெண்டு வருசமா தண்ணி ஒரு அடி கூடுதலா நிக்கே, என்ன காரணம்? இங்க கேக்காங்க."

சொல்லியிருக்கலாம். அவளுக்குப் பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. நான் நிற்க வேண்டிய இடம் அது என்று ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பதில் தெரியாமல் முழிக்கட்டுமே.

"எனக்கென்னட்டி தெரியும்? கம்பம் காட்டுததை எழுதுதேன்," என்றேன்.

அன்று சாயங்காலம் கோவிலுக்குப் போய் நிம்மதியாகக் கும்பிட்டுவிட்டுக்கூட வந்தேன்.

மறுநாள் மறுபடி அவள்தான்.

"அக்கா, மனசே சரியில்ல. தண்ணிதான் ஏறியிருக்கே, இந்தக் குளத்துக்கு இப்ப அவசரமில்லன்னு பட்டியல்லருந்து எடுத்துட்டாங்க. அளவு தப்பா இருக்குமோன்னு ஒருத்தர் கேட்டாரு. எங்க அக்கா எழுதுனா தப்பே இருக்காதுன்னு நான்தான் அடிச்சுச் சொன்னேன்."

அண்ணன் வயல் கண்முன்னால் வந்தது. கம்பம் இறங்கிய கதையைச் சொன்னேன்.

"இது ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"நட்ட அன்னைக்கே."

திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"நேத்து கேட்டனேக்கா," என்றாள்.