பூட்டின கதவு

கென்டக்கி மலைப்பக்கத்து அந்த ஊரில் பள்ளிக்கூடச் சமையற்காரி வெர்னா என்றால் பாதிப் பேருக்குத் தெரியாது. ‘பூட்டின கதவு’ என்றால் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். அவளை விட்டுப்போன புருஷன் டாயில் எழுதிப் பாடிய பாட்டு அது. வானொலியில் அது ஓடாத நாளில்லை. குடித்துவிட்டு மழையில் வீடு திரும்பியவனுக்குப் பெண்டாட்டி கதவைத் திறக்கவில்லையாம். உள்ளே விளக்கு மட்டும் எரிந்ததாம். கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, பாட்டுக்காரர்கள் பிழைப்புத் தேடிப் போகும் நாஷ்வில் நகரத்துக்குப் போய்விட்டானாம். ஆள் இருக்கும் வீட்டைப் பூட்டுவது அந்த மலையில் வந்தவன் முகத்தில் காறித் துப்புவதற்குச் சமம். கேட்ட பெண்களெல்லாம் அவனுக்காக அழுதார்கள்.

பெட்ரோல் பங்கில் உட்கார்ந்திருக்கும் கிழடுகள், “என்ன வெர்னா, இன்னிக்காவது கதவு தொறந்திருக்கா?” என்று பல்லிளிக்கும்.

“ஒங்க வீட்டம்மாகிட்ட கேட்டுட்டு வாங்க, சொல்றேன்” என்பாள். வீட்டுக்கு வந்து அழுவாள்.

உண்மையில், பாட்டில் வரும் அந்த ராத்திரி வீட்டில் ஆளே இல்லை. கைக்குழந்தை ஷெல்பிக்கு மூச்சிரைத்தது. பக்கத்து வீட்டு வண்டியில் டவுன் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். எத்தனை நாளாகுமோ என்று கதவைப் பூட்டினாள். அவசரத்தில் விளக்கை அணைக்க மறந்தாள். அந்தப் பாவி அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம்.

மகள் தகப்பனை வெறுத்து வளரக் கூடாதென்று இதையெல்லாம் வெர்னா அவளிடம் சொன்னதே இல்லை. மகளும் ஊரைப் போலப் பாட்டையே நம்புகிறாள் என்பதுதான் அவளைத் தின்ற கவலை.

இப்போது ஷெல்பிக்குக் கல்யாணம். டாயிலும் வந்திருக்கிறான். விருந்தில் பெண்ணும் தகப்பனும் ஜோடியாக ஆடுவது வழக்கம். எந்தப் பாட்டுக்கு ஆடப்போகிறார்கள் என்பது, தேவாலயத்துப் பின்னறையில் கவுனின் முதுகுக் கொக்கிகளை மாட்டும்போதுதான் வெர்னாவுக்குத் தெரிந்தது.

“வேற பாட்டே கிடைக்கலியாடி?”

“அப்பாவோட பாட்டும்மா. ஊரே அதுக்குத்தான் காத்திருக்கு.”

இத்தனை வருஷம் அடக்கியது உடைந்துவிட்டது. “அன்னிக்கு நான் உள்ளயே இல்லடி. உன்னைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரியில கிடந்தேன்.”

ஷெல்பி கண்ணாடியில் உதட்டுச் சாயத்தைச் சரிபார்த்தாள். “தெரியும்மா. அப்பா எப்பவோ சொல்லிட்டாரு.”

வெர்னாவின் கை நின்றது. “அவனுக்குத் தெரியுமா?”

“எழுதறதுக்கு முன்னாடியே தெரியுமாம். ஆஸ்பத்திரின்னு பாடினா யாரும்மா கேப்பாங்க? கொக்கிய மாட்டு, நேரமாகுது.”

மாட்டினாள். கூடத்தில் வாத்தியம் தொடங்கியதும் ஊரே சேர்ந்து பாடியது. டாயிலின் தோளில் சாய்ந்தபடி ஷெல்பியும் பாடினாள்.