சங்ககிரியில் நடக்காத சண்டை

போன வாரம் பக்கத்து வீட்டு ஜன்னல்களுக்கு வர்ணம் அடித்தார்கள். ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் கலந்த வாடை சுவர் தாண்டி வந்ததும் என் மருமகள் கதவுகளையெல்லாம் சாத்திவிட்டாள். நான் வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். "உள்ள வாங்க மாமா, தலவலி வந்துரும்" என்றாள். வரட்டும் என்று இருந்தேன். அந்த வாடையைப் பிடித்துக்கொண்டு சங்ககிரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன். இனிமேல் அங்கே போய் என்ன ஆகப்போகிறது, நீங்களே சொல்லுங்கள்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. சங்ககிரிப் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். பெரிய ஓவியன் என்ற நினைப்பு உள்ளுக்குள் இருந்தது. நான் கரும்பலகையில் போட்ட வாழைப்பழத்தைப் பார்த்து ஒரு பையன் "புடலங்காய்ங்களா சார்?" என்று மரியாதையாகக் கேட்ட பிறகும் அது குறையவில்லை.

சரித்திரப் பாடம் எடுத்தவர் பழனியப்பன். நாமக்கல் பக்கத்தில் நிலபுலம் உள்ள பண்ணாடிக் குடும்பம். மனைவி செத்து வெகு காலம் ஆகியிருந்தது. அவரும் தம்பி சின்னுசாமியும் ஒரு வீட்டில் இருந்தார்கள். அதன் பின்கட்டு அறையில் நான் வாடகைக்கு இருந்தேன். சின்னுசாமியை எல்லோரும் சின்னான் என்றுதான் கூப்பிடுவோம். பஸ் கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் பிட்டர். என்னைவிட ஒரு வயது மூத்தவன். அவனிடம் கெட்டுப்போன சாமான் எதைக் கொடுத்தாலும் முதலில் முகர்ந்து பார்ப்பான். ஏன் என்று கேட்டால் சிரிப்பான்.

ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்துத் துரை சீமைக்கே திரும்பக் கிளம்பினார். பங்களாச் சாமான்களை ஏலம் விட்டபோது பழனியப்பன் புத்தகம் வாங்கப் போனார். திரும்பி வரும்போது புத்தகம் ஒன்றும் இல்லை. ஒரு தகரப் பெட்டி இருந்தது. உள்ளே ஈயத்தில் வார்த்த சிப்பாய்கள். விரல் உயரம். இருநூறுக்குக் குறையாது. பாதிப் பேருக்குத் தலை இல்லை. குதிரைகள் மூன்று காலில் நின்றன. அடியில் கிடந்தவற்றில் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது. துரைமார் பெரியவர்களான பிறகும் இவற்றை மேஜையில் அடுக்கி, பழைய யுத்தங்களை மறுபடி நடத்திப் பார்ப்பார்களாம். அதற்கென்று விதிகள் அச்சடித்த சின்னப் புத்தகம் ஒன்றும் பெட்டியில் இருந்தது.

"தம்பி, நம்ம கோட்டையிலயே கும்பினிக்காரனும் மைசூர்க்காரனும் மோதியிருக்காங்க. அதை இதுல நடத்திப் போடலாமுங்க" என்றார் பழனியப்பன் என்னிடம்.

"எல்லாமே வெள்ளக்காரச் சிப்பாயா இருக்குதுங்களே சார்?"

"பாதியை மாத்திப் போடறது. நீங்க வர்ணம், சின்னான் பத்தவைக்கறது. நான் சும்மா உக்காந்து குத்தம் சொல்றேன்."

அப்படியே நடந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பகலெல்லாம் அந்த வேலைதான். சின்னான் ஒடிந்த கழுத்துக்குள் தீக்குச்சித் துண்டைச் செருகி, அதன்மேல் தலையைப் பொருத்துவான். குதிரைக் காலைச் சூட்டுக்கோலால் பற்றவைப்பான். இங்கேதான் சூட்சுமம்: ஈயம் சட்டென்று உருகிவிடும். கோல் ஒரு கணம் கூடுதலாகப் பட்டால் கால் ஒட்டாது, குதிரையே ஒழுகிப் போகும். அவன் மூச்சை அடக்கிக்கொண்டு தொட்டு எடுப்பான். வெள்ளைப் பொடி பூத்தவற்றைத் தனியே எடுத்து, பிரஷ்ஷால் தேய்த்து, எண்ணெய் தடவி வைப்பான். உயரமான மயிர்த் தொப்பிகளை அரத்தால் ராவிவிட்டு, கோந்தில் நனைத்த நூலைச் சுற்றித் தலைப்பாகை ஆக்கினோம். சிவப்புச் சட்டைமேல் நான் நீலம் அடித்தேன். அணில் மயிர்த் தூரிகையால் மீசை வரைந்தேன். ஒரு தலைப்பாகையைப் பார்த்துப் பழனியப்பன், "இது மைசூர்க்காரனாட்டம் இல்லீங்க தம்பி, சந்தைக்குப் போற நம்மாளாட்டம் இருக்குது" என்றார். அவனையும் படையில் சேர்த்துக்கொண்டோம்.

வேலை செய்கையில் அவர் சண்டைக் கதை சொல்வார். எங்கே பீரங்கி ஏறியது, எவன் மதிலில் முதலில் கால் வைத்தான் என்று, கண்ணால் பார்த்தவர்போல. சின்னான் வாயைத் திறந்துகொண்டு கேட்பான்.

ஒரு நாள் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்தவன், "அண்ணா, பட்டாளத்துல பிட்டருக்கு ஆள் எடுக்கறாங்க. பேர் குடுத்துட்டேன்" என்றான்.

பழனியப்பன் கையில் ஒரு குதிரை இருந்தது. அதை மெல்லக் கீழே வைத்தார். "எதுக்குடா சாமி?"

"நீங்க சொல்றதையே எத்தன நாளைக்குக் கேட்டுக்கிட்டு இருக்கறது? ஒருக்காப் பாத்துட்டு வந்தர்றேன்."

மலேயாவுக்கு அனுப்பினார்கள். அப்போது பெட்டியில் வேலை முடிந்திருந்தது. பழனியப்பன் பெரிய மேஜையில் களிமண்ணால் மலையும் கோட்டையும் செய்து, இரண்டு படைகளையும் நிறுத்தினார். தாயக்கட்டையை உருட்டி, நூலால் அளந்து நகர்த்த வேண்டியதுதான் பாக்கி. ஆடவில்லை. "சின்னான் லீவுல வரட்டுமுங்க. மூணு பேரும் இருந்தாத்தான் நல்லா இருக்கும்" என்றார். சின்னானிடமிருந்து வந்த கடிதங்களில் பாதி, மூன்றாம் வரிசைக் குதிரையின் கால் நிற்கிறதா என்ற விசாரணைதான்.

ஜப்பான்காரனிடம் சிங்கப்பூர் விழுந்தது. கடிதம் நின்றது.

பழனியப்பன் தினமும் தபாலாபீசுக்குப் போனார். பாடம் நடத்தும்போது பாதியில் நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்ப்பார். ஒரு தடவை என்னிடம், "நாந்தான் தம்பி அவனுக்குச் சண்டையை இனிப்பாக் காட்டிப் போட்டேன்" என்றார். இல்லை என்று உடனே சொல்லியிருக்கலாம். வகுப்புக்கு நேரமாயிற்று என்று கிளம்பிவிட்டேன்.

அந்த ஆகஸ்டு மாதம் சின்னானைப் பற்றி விசாரிப்பதற்காகச் சென்னைக்குப் போனார். சாவியை என்னிடம் கொடுத்தார். அவர் போன மறுநாளே ஊர் கலங்கிவிட்டது. காங்கிரஸ் தலைவர்களைப் பிடித்துவிட்டார்கள் என்ற செய்தி. தந்திக் கம்பி அறுந்தது. எங்கள் பள்ளிக்கூடத்துப் பையன்கள் இருவரைப் போலீஸ் கொண்டுபோயிற்று. பள்ளிக்கூடக் குமாஸ்தா என்னை ஒதுக்கமாகக் கூப்பிட்டார்.

"ஏனுங்க, அந்த ஊட்டு மேசையில கோட்டையும் படையும் வெச்சிருக்கறீங்களாமே? வெள்ளக்காரச் சிப்பாய் எதிரே நம்மாளு துப்பாக்கியோட நிக்கறானாமே? போலீசு பாத்தா வெளையாட்டுன்னு நம்புவாங்களா?"

உத்தியோகம் போய்விடும், ஜெயில் கிடைக்கும் என்று அன்றைக்கெல்லாம் அதே நினைப்பு. எங்கேயாவது புதைத்திருக்கலாம். வைக்கோலில் ஒளித்திருக்கலாம். இன்றைக்கு நூறு வழி தோன்றுகிறது. அன்றைக்கு ஒன்றுதான் தோன்றியது. பட்டப்பகலில் கதவைச் சாத்தி, அடுப்பை மூட்டி, இரும்புச் சட்டியை ஏற்றினேன்.

முதலில் வர்ணம் பொங்கிக் கருகியது. நான் வரைந்த மீசைகள் போயின. பிறகு தோள்கள் சரிந்தன. ஈயம் பாதரசம்போலத் தளதளத்தபோது, கழுத்துகளுக்குள் சின்னான் செருகிய தீக்குச்சித் துண்டுகள் கருகி மேலே வந்து மிதந்தன. ஒவ்வொன்றாக, நிறைய. அதைக் கண்டும் நான் நிறுத்தவில்லை. ஆறிய கட்டியைக் கொல்லைக் கிணற்றில் போட்டேன். களிமண் கோட்டையை மிதித்து உடைத்தேன்.

போலீஸ் வரவே இல்லை.

ஐந்தாம் நாள் பழனியப்பன் வந்தார். காணாமற்போனவர் பட்டியலில் தம்பியின் பெயர் இருப்பதாக ஆபீசில் சொன்னார்களாம். சொல்லிக்கொண்டே மேஜை இருந்த அறைக்குள் போனார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவார், அடிப்பார் என்று நின்றேன்.

"ஒண்ணுகூடவா மிச்சம் வெக்கல?"

"இல்லீங்க சார்."

"அவன் கையால செஞ்சது வேற ஒண்ணும் இந்த ஊட்டுல இல்லீங்களே" என்றார். அவ்வளவுதான். வெறும் மேஜைமேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

நான் வேறு அறை பார்த்துக்கொண்டேன். மூன்று வருஷம் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தோம். வணக்கம் சொன்னால் வணக்கம் சொல்வார். யுத்தம் முடிந்த பிறகு, சின்னுசாமி இறந்ததாகக் கருதப்படுகிறார் என்று ஒரு காகிதம் வந்தது. பழனியப்பன் வேலையை விட்டுவிட்டுச் சொந்த ஊருக்குப் போனார்.

கடைசியாக அவரை நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். நன்றாக இளைத்திருந்தார். அவரே வந்து என் கையைப் பிடித்தார்.

"தம்பி, சின்னானை ஒரு போட்டோ எடுக்காமப் போயிட்டனுங்க. இப்ப அவன் மொகம் எனக்குச் சரியா நெனப்பு வர மாட்டேங்குது. உங்களுக்கு நெனப்பு இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க சார்."

"ஒரு படம் போட்டுக் குடுங்க சாமி."

போட்டுக்கொண்டு வாரேன் என்றேன். அன்றைக்கே காகிதத்தை விரித்தேன். சூட்டுக்கோல் பிடித்த விரல்கள் வந்தன. குனிந்த கழுத்து வந்தது. முகம் வரவில்லை. யார் யாரோ வந்தார்கள். கிழித்துக் கிழித்துப் போட்டேன். இன்னும் ஒரு தடவை முயன்று பார்த்துவிட்டுப் போகலாம் என்று நாளைத் தள்ளினேன். ஐப்பசியில் பழனியப்பன் தவறிவிட்டார் என்று யாரோ சொன்னார்கள்.

அந்த வீடு இப்போது இல்லை. கிணற்றைத் தூர்த்து லாரிப் பட்டறை கட்டியிருக்கிறார்கள். அந்த முகத்தைப் பார்த்தவர்களில் உயிரோடு இருப்பது அநேகமாக நான் ஒருவன்தான். எனக்கும் அந்த முகம் நினைவில் இல்லை.